சுவரைப் பார்த்து நின்ற பீங்கான் பிராணிகள்

அந்த வீட்டில் மனிதர்கள் மூன்று பேர்தான். மிச்சமெல்லாம் பீங்கான்.

வாசல் கதவைத் திறந்ததும் செருப்பு அலமாரியின் மேல் ஒரு ஜோடி நாய், கழுத்தில் பொன் வர்ணச் சங்கிலியோடு, வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும். கூடத்தில் சுவர் நீளத்துக்கு அடித்த மரத்தட்டுகளில் யானை, மான், முன்கால் தூக்கிய குதிரை, கன்றை நக்கும் பசு, தலையைச் சாய்த்து யோசிக்கும் ஆந்தை. ரேடியோவின் மேல் சாம்பல் நிறப் பூனை. சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு கோழியும் அதன் குஞ்சுகளும். குளிக்கப் போனால் சோப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பச்சைத் தவளை ஒன்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டாம் தாரமாக வந்த புதிதில் அவள் அதன் தலையில் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் குளித்தாள்.

எல்லாம் மூத்தவள் சேர்த்தது. மூத்தவள் என்றால் அவள் புருஷனான பஸ் டிரைவரின் முதல் மனைவி. நுரையீரலில் நோய் வந்து போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இளையவளாக இவள் அந்த வீட்டுக்கு வந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "ஒவ்வொண்ணும் அவரே தேடித் தேடி வாங்கிக் குடுத்தது. மழைன்னு பாக்க மாட்டார், வெயில்னு பாக்க மாட்டார். காகிதத்துல சுத்தி நெஞ்சோட அணைச்சு எடுத்துட்டு வருவார். புருஷன்னா அப்படி இருக்கணும்."

அவள் சிரித்து வைத்தாள். ஆனால் அந்த வார்த்தை மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் யானையும் மானும் ஆந்தையும் ஒன்று சேர்ந்து, 'பார், எங்கள் எஜமானியை எப்படி வைத்திருந்தார் பார்' என்று சொல்வதுபோல இருந்தது.

டிரைவரை அவளுக்குப் பேருந்தில்தான் பழக்கம். விடிகாலை முதல் வண்டியை அவர் ஓட்டுவார். சலவைக்கூடத்துக்குப் போகிற அவள் அதில் ஏறுவாள். தாமதமாகிவிட்டால் தெருமுனையில் அவள் ஓடிவருவது கண்ணாடியில் தெரியும்வரை வண்டி நிற்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள், "என்னய்யா, வண்டி தூங்குதா?" என்று சத்தம் போடுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர் பேசிக்கொள்ள அதற்கு மேல் என்ன வேண்டும்? பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கு அவளுடைய அண்ணன் வந்தான்.

கல்யாணமாகியும் டிரைவர் அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார். படிக்கட்டில் கால் வைக்கும் பயணியிடம் பேசும் அதே குரல். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் 'சித்தி' என்று கூப்பிட்டாள், கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் சிட்டு என்று பெயர். ஒல்லியான உடம்பு, வேகமான கால்.

சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரித் துணியும் விடுதித் துணியும் மலைபோல வந்து இறங்கும். அவளுக்கு மடிப்புப் பகுதி. உருளை இயந்திரத்திலிருந்து சுடச்சுட வெளியே வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, உதறி, நடந்து ஒருவரையொருவர் நெருங்கி, மூலையோடு மூலை சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி நெருங்கி மடிக்க வேண்டும். எதிர்முனையில் எப்போதும் நிற்பவள் வெண்கலம். தொண்டைக்கு வைத்த பெயர். இயந்திரம் போடும் இரைச்சலிலும் அவள் பேச்சு தனியாகக் கேட்கும்.

"எப்படி இருக்கு உன் மிருகக்காட்சி சாலை?" நெருங்கி வந்தபோது கேட்டாள் வெண்கலம்.

"இருக்கு."

விலகிப் போய், திரும்ப நெருங்கினார்கள்.

"ராஜாவும் இளவரசியும்?"

"நல்லாத்தான் இருக்காங்க அக்கா. ரொம்ப நல்லாத்தான் இருக்காங்க. அதான் பயமா இருக்கு. நான் கூடத்துக்கு வந்தா ரெண்டு பேரும் எழுந்து நிக்கறாங்க. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்த மாதிரி."

"குடுத்து வச்சவ. எங்க வீட்ல நான் செத்து விழுந்தாக்கூட தாண்டிப் போய் ரொட்டி எங்க இருக்குன்னு கேப்பானுங்க."

"அப்படிக் கேட்டாத் தேவலை. எது எங்க இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும், எனக்குத்தான் தெரியாது. ஒரு கரண்டியை எடுத்தாக்கூட இதை எடுக்கலாமான்னு தோணுது."

"கேளு."

"கேட்டா, 'ஐயோ, உங்க வீடுங்க இது' அப்படிங்கறார். உங்க வீடுங்கன்னு ஒருத்தர் சொல்ற வீடு எப்படி அக்கா நம்ம வீடாகும்?"

வெண்கலம் விரிப்பின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள்.

அன்று மதியம் அண்ணன் வாசல் கேட்டுக்கு வந்து நின்றான். நல்லவன்தான். ஆனால் அண்ணி சொல்லி அனுப்பியதை மறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அவன் முகத்தில் எப்போதும் இருக்கும்.

"தப்பா நினைக்காத. உன் அறை சும்மா கெடக்கு. மருந்துக்கடையில வேலை பாக்கற பொண்ணு ஒண்ணு வாடகைக்குக் கேக்குது. குடுத்துட்டா அப்புறம் காலி பண்ணுன்னு சொல்ல முடியாது பாரு. நீ அங்கயே இருந்துடுவேன்னா குடுத்துடறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா வேணாம். உனக்கு ஒண்ணுன்னா நான் எங்க கொண்டு வைப்பேன்?" செருப்பால் தரையைத் தேய்த்தான். "அண்ணி சும்மா இருக்க மாட்டேங்கறா. சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்றேன். ஆமா, இல்ல, ஏதாவது ஒண்ணு சொல்லிடு."

அந்த அறை ஒன்றும் அரண்மனை இல்லை. சமையலறைக்குப் பின்னால் ஒடுக்கமாக, ஒரு கட்டில் போட்டால் ஒருக்களித்து நடக்க வேண்டிய அறை. முதல் கல்யாணம் முறிந்து வந்தபிறகு பதினோரு வருஷம் அதில் இருந்தாள். அண்ணி முணுமுணுத்தாலும் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே அவள் ராஜ்ஜியம். அதை விட்டுக்கொடுத்துவிட்டு, இந்தப் பீங்கான் கூட்டத்துக்கு நடுவில் விருந்தாளியாகவே கிழவியாகிப்போனால்? சனிக்கிழமை அண்ணனுக்கு என்ன சொல்வது? விரிப்பை மடிக்கும்போதெல்லாம் அவளுக்கு இதே யோசனை.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. டிரைவர் வேலைக்கும் சிட்டு பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு வீடு அமைதியாகிவிட்டது. கூடத்து ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து விழுந்தபோதுதான் யானையின் முதுகில் எவ்வளவு தூசி என்று பார்த்தாள். கோழியின் மேல் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவர் இவற்றை வாயால் ஊதி ஊதித் துடைப்பதை அவள் பார்த்திருக்கிறாள். மெழுகுவர்த்தியை அணைப்பதுபோல ஊதுவார். தூசி எழும்பி மறுபடி அங்கேயே உட்காரும்.

'இருந்தாலும் சரி, போனாலும் சரி. அழுக்குன்னு பாத்த பின்னால எப்படி சும்மா இருக்கறது?' என்று எழுந்தாள்.

அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். அடியில் ஒரு கெட்டித் துண்டை விரித்தாள், கை தவறினாலும் பீங்கான் தரையில் மோதாதபடி. சவுக்காரத்தைச் சீவிக் கரைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். இரண்டை ஒன்றாகப் போடவில்லை.

கை வைத்த பிறகுதான் அவை அவளுக்குத் தெரியவந்தன. யானையின் துதிக்கை நுனி உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் யாரோ வெள்ளை நகச்சாயம் தடவியிருந்தார்கள். குதிரையின் வயிற்றுக்கு அடியில் நீல முத்திரை, எழுத்து கரைந்துபோய் ஒரு பூ மட்டும் மிச்சம். பசுவின் நாக்கும் கன்றின் நெற்றியும் தொடும் இடத்தில் தூசி கறுப்பாகப் படிந்திருந்தது. பஞ்சைக் குச்சியில் சுற்றி அதை எடுத்தாள். ரேடியோப் பூனை அழுக்குப் போனதும் சாம்பல் இல்லை, இளநீலம் என்று தெரிந்தது. உதட்டைச் சுழித்துக்கொண்டு அது பார்த்த பார்வை அப்படியே அண்ணி. "அண்ணி, காதைக் காட்டுங்க" என்று சொல்லிக் கழுவினாள். சொல்லிவிட்டு, வெறும் வீட்டில் தனியாகச் சிரித்தாள்.

துடைத்தவற்றைத் திருப்பித் தட்டுகளில் வைத்தாள். முகம் சுவரைப் பார்க்க, முதுகு ஜன்னலைப் பார்க்க. அதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. சலவைக்கூடத்தில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது: வர்ணம் போட்ட எதன் முகத்தையும் வெயிலுக்குக் காட்டக் கூடாது. திரைச்சீலையானாலும் பூப்போட்ட மேஜை விரிப்பானாலும் முகம் உள்ளே, முதுகு வெளியே. காட்டினால் வெயில் தின்றுவிடும். இருபது வருஷமாகக் கை அப்படித்தான் பழகியிருந்தது. கூடத்தில் வைத்த வாக்கிலேயே செருப்பு அலமாரி நாய்களையும் சமையலறைக் கோழியையும் வைத்தாள். வெயிலே எட்டாத குளியலறைத் தவளையைக்கூட விடவில்லை.

வேலை முடிந்தபோது இடுப்பு விட்டுப்போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். முதுகுகளெல்லாம் பளபளவென்று இருந்தன. அந்த வீட்டில் முதன்முதலாக ஒரு வேலையைத் தன் வேலையாகச் செய்திருந்தாள். வந்து பார்த்ததும் ஒரு வார்த்தை சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

முதலில் சிட்டு வந்தாள். செருப்பைக் கழற்றக் குனிந்தவள் நாய்களைப் பார்த்தாள். நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தாள். பையின் வார் தோளிலிருந்து நழுவியது. நுனிக்காலில் நடந்து குளியலறைக்குப் போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சித்தி, பாத்திரம் தேய்க்கட்டுமா?"

"தேய்ச்சாச்சும்மா."

"அப்ப... படிக்கட்டைக் கூட்டறேன்."

டிரைவர் வந்தபோது சிட்டு வாசலிலேயே அவரை மறித்து ஏதோ கிசுகிசுத்தாள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். தட்டுகளை ஒருமுறை பார்த்தார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பருப்பு சூப்பும் ரொட்டியும். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று அவளுக்கே தெரிந்தது. "ரொம்ப நல்லாருக்குங்க" என்றார் டிரைவர். "ஆமாம்ப்பா" என்றாள் சிட்டு. இருவரும் இன்னொரு கரண்டி வாங்கிக் குடித்தார்கள். தண்ணீரும் நிறையக் குடித்தார்கள். பிராணிகளைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

தொடக் கூடாததைத் தொட்டுவிட்டோம் என்று அவள் முடிவுகட்டினாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. செத்துப்போனவளின் பொருளில் கை வைத்த குற்றத்தை மரியாதையால் மூடுகிறார்கள்.

மறுநாள் காலையில் அவள் எழுவதற்கு முன் டிரைவர் டீ போட்டு வைத்திருந்தார். சிட்டு துவைத்த துணியையெல்லாம் மடித்திருந்தாள். கோணல்மாணலாக மடித்ததை அவள் பிரித்து மடிக்கப் போக, "சரியில்லையா சித்தி? திரும்பச் செய்யறேன்" என்று அந்தப் பெண் தவித்தாள். சாயங்காலம் டிரைவர் ஒரு காகிதப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றார். பிரித்தாள். ஒரு ஜோடி வாத்து. பழசுதான், ஆனால் மஞ்சள் அலகு இன்னும் மங்கவில்லை.

"பழைய சாமான் கடையில கெடைச்சுதுங்க."

"நல்லாருக்கு" என்றாள். அவர் இன்னும் எதையோ எதிர்பார்த்து நின்றார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எடுத்துப்போய்க் கழுவித் துடைத்து, மற்றவற்றோடு தட்டில் வைத்தாள். அதே வாக்கில், முகம் உள்ளே. திரும்பிப் பார்த்தபோது அவர் முகம் காற்றுப்போன டயர்போல இருந்தது.

போனவளுக்கு இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். தான் வந்தும் அது நிற்கவில்லை.

அடுத்த நாள் ஒரு காண்டாமிருகம் வந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம்.

"இதைவிடப் பெருசு கடையில இல்லீங்க" என்றார் டிரைவர்.

"ஆமா, பெருசுதான்" என்றாள் அவள். அதையும் கழுவினாள். அதையும் வைத்தாள். காண்டாமிருகத்தின் பின்பக்கம் கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. சிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை விரிப்பு மடிக்கும்போது அவள் வெண்கலத்திடம் சொன்னாள். "நாளைக்கு அண்ணன் போன் பண்ணுவான். அறையை யாருக்கும் குடுக்காதேன்னு சொல்லப் போறேன்."

வெண்கலம் நடப்பதை நிறுத்தினாள். விரிப்பு நடுவில் தொய்ந்தது. "அடிச்சாரா?"

"ஐயோ, இல்ல."

"குடிக்கறாரா?"

"டீதான். அதையும் அவரே போட்டுக் குடுக்கறார்."

"அப்புறம் என்னடி உனக்கு?"

"இடம் இல்லக்கா. அந்த வீட்ல எல்லாத்துக்கும் இடம் இருக்கு. காண்டாமிருகத்துக்கு இருக்கு. எனக்கு இல்ல."

"அதை அந்த மனுஷன்கிட்ட சொன்னியா?"

"சொன்னா அதுக்கும் மன்னிப்புக் கேப்பார்."

வெண்கலம் மூலையோடு மூலையைச் சேர்த்தாள். அவள் விரலை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு விட்டாள். "போறதுன்னா போ. ஆனா ஏன் போறேன்னு அவங்களுக்குத் தெரியணும். தெரியாம போனா, அது ஓடிப்போறது."

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை. வேலையிலிருந்து நனைந்து வந்தவள் துணியை மாற்றிக்கொண்டு, அலமாரி மேலிருந்த பெட்டியைக் கீழே இறக்கினாள். அடுக்க அதிகம் இல்லை. வந்த நாளிலிருந்து பாதித் துணி அந்தப் பெட்டிக்குள்ளேயேதான் இருந்தது. அலமாரியில் மூத்தவளின் உடுப்புகள் தொங்கின. அவற்றை நகர்த்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எங்க போறீங்க?"

சிட்டு கதவருகே நின்றாள். கையில் அரைகுறையாகத் தோல் சீவிய உருளைக்கிழங்கு.

"அண்ணன் வீட்டுக்கும்மா. கொஞ்ச நாள்."

"கொஞ்ச நாளுக்கு யாராவது பெட்டியோட போவாங்களா?" அவள் குரல் உடைந்தது. "நாங்க என்ன பண்ணோம்னு சொல்லிட்டாவது போங்க சித்தி. நாலு நாளா நானும் அப்பாவும் மண்டையைப் போட்டு உடைச்சுக்கறோம். அன்னிக்கு ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டேனே, அதுவா? அப்பா உங்க கூடப்பொறந்தவர் வந்தப்போ தூங்கிட்டாரே, அதுவா?"

"என்னம்மா சொல்ற? நீங்க ஒண்ணும் பண்ணலியே."

"ஒண்ணும் பண்ணாமயா எல்லாத்தையும் திருப்பி வச்சீங்க?"

"எதை?"

"எல்லாத்தையும்" என்று சிட்டு உருளைக்கிழங்கால் கூடத்தைச் சுட்டினாள். "அம்மாவுக்குக் கோபம் வந்தா பேச மாட்டாங்க. கூடத்துல ஒண்ணைச் சுவர் பாக்கத் திருப்பி வச்சுடுவாங்க. சின்னக் கோபம்னா ஆந்தை மட்டும். பெருசுன்னா ஒரு தட்டு முழுக்க. அப்பா வந்து பாத்துட்டு, என்ன தப்புன்னு யோசிச்சுக் கண்டுபிடிச்சு, புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்து வைக்கணும். அம்மா அதைப் பாத்து, புடிச்சிருந்தா எல்லாத்தையும் முன்னால திருப்பிடுவாங்க. அவ்ளோதான், சண்டை தீந்துது." மூச்சு வாங்கினாள். "அம்மா ஒரு தட்டைத் தாண்டினதே இல்ல சித்தி. நீங்க வீடு முழுக்கத் திருப்பிட்டீங்க. குளியலறைத் தவளையைக்கூட விடலை. அப்பா வாத்து வாங்கிட்டு வந்தார், அதையும் திருப்பிட்டீங்க. காண்டாமிருகம் வாங்கிட்டு வந்தார், அதையும் திருப்பிட்டீங்க."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெயிலுக்கும்மா" என்றாள்.

"என்னது?"

"வெயில் பட்டா வர்ணம் போயிடும். அதான் முகத்தை உள்பக்கமா வச்சேன். எங்க சலவையில அப்படித்தான்."

சிட்டு அவளையே பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகம் கோணியது. அழப்போகிறாள் என்று இவள் எழுந்தாள். ஆனால் வந்தது சிரிப்பு. "அது பீங்கான் சித்தி. சூளையில வெந்தது. அது வெயிலுக்கா பயப்படும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் பாத்ததெல்லாம் துணிதான்."

"தவளைக்கு எங்கேருந்து வெயில்?"

"கை பழக்கம்."

இருவரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபிறகு அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"அப்ப, இங்க இருக்கறதெல்லாம்..."

"எல்லாம் சண்டைதான்" என்றாள் சிட்டு. "யானை, என் பள்ளிக்கூடத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டு அப்பா மறந்துபோனதுக்கு. குதிரை, அம்மா முடி வெட்டிட்டு வந்தப்போ சிரிச்சதுக்கு. பசுவும் கன்னும் எதுக்குன்னு எனக்கே தெரியாது, நான் பொறக்கறதுக்கு முன்னாடி. பெரிய சண்டையா இருந்திருக்கும், கன்னுக்குட்டியோட வந்திருக்கு பாருங்க."

பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் சாய்ந்து சொன்னதை அவள் நினைத்துப் பார்த்தாள். காகிதத்தில் சுற்றி நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தாராம். வரமாட்டாரா பின்னே, பயந்துபோய் வந்திருக்கிறார். இத்தனை நாளும் அவள் தலைக்கு மேல் கோயில்போல எழும்பி நின்ற அந்தப் பிரியம் கீழே இறங்கி, காலைத் தேய்த்துக்கொண்டு, எல்லா வீட்டிலும் இருக்கிற ஒரு புருஷன் பெண்டாட்டியாக நின்றது. மூத்தவளும் உப்பு அதிகமாகப் போட்டிருப்பாள். கோபித்திருப்பாள். முடியை வெட்டிக்கொண்டு வந்து, அழகாக இல்லையோ என்று கண்ணாடி முன்னால் நின்றிருப்பாள். அவளைப் பற்றி முதன்முறையாகப் பொறாமை இல்லாமல் நினைக்க முடிந்தது.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டிரைவர் சொட்டச் சொட்ட நின்றார். மழைக்கோட்டுக்குள் ஏதோ ஒளித்திருந்தார். அது ஒளியவில்லை. நனைந்த காகிதத்தைக் கிழித்துக்கொண்டு அவர் தாடைக்குக் கீழே ஒரு ஒட்டகச்சிவிங்கியின் தலை எட்டிப் பார்த்தது.

அறைக்குள் வந்தவர் ஈரக் குடையைத் துணி அடுக்கின்மேல் சாத்தும்போது பெட்டியைப் பார்த்தார். ஒட்டகச்சிவிங்கியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கடைக்காரம்மா கேட்டாங்க" என்றார் மெல்ல. "இன்னுமா தீரலைன்னு. இதுதான் கடைசி, இதுக்கு மேல உயரமா உலகத்துலயே மிருகம் கெடையாதுன்னு குடுத்தாங்க. என்ன தப்புன்னு எனக்குத் தெரியலீங்க. ஆனா தப்பு என்னோடதுதான்."

"அப்பா, வெயிலாம்" என்று சிட்டு மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். அவள் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கிறவரை டிரைவர் கால் மாற்றி மாற்றி நின்றார். முடிந்ததும், "அப்ப கோபம் இல்லையா?" என்றார்.

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்த வீட்டில் கேட்ட எல்லாவற்றுக்கும் இல்லை, பரவாயில்லை, சரி என்றே சொல்லி வந்தவள். அவர் முகத்தில் அதற்குள் ஒரு நிம்மதி பரவத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ.

"இருக்கு" என்றாள்.

டிரைவர் திரும்பிக் கூடத்துத் தட்டுகளைப் பார்த்தார்.

"அங்க என்ன பாக்கறீங்க? இங்க பாருங்க. அது அவங்க கோபம், அவங்களோட போச்சு. அதை நான் எடுத்துக்க மாட்டேன். என் கோபத்துக்கு வாய் இருக்கு." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "வந்து மூணு மாசம் ஆகப்போகுது. என் துணி இன்னும் பெட்டிக்குள்ள இருக்கு. அலமாரியில ஒரு பக்கம் ஒதுக்கிக் குடுக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சா?"

"நீங்க கேக்கலீங்களே."

"கேக்கணுமா? பஸ்ல நிக்கற பொம்பளைக்கு இடம் குடுன்னு சொல்றவர்தானே நீங்க? அப்புறம் இந்த நீங்க, வாங்க, உக்காருங்க. டிக்கெட் வாங்கிட்டா வந்திருக்கேன் இந்த வீட்டுக்கு? சூப்ல உப்புக் கூடினா உப்புக் கூடிச்சுன்னு சொல்லத் தெரியாதா?"

"உப்பா? வாயில வைக்க முடியல" என்றார் டிரைவர். சொன்னபிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்து திடுக்கிட்டார். ஆனால் பிரேக் பிடிக்கவில்லை. "அன்னிக்கு ராத்திரி ஒரு குடம் தண்ணி குடிச்சேன். அதுவும் தவிர, எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை பேச மாட்டேங்கற. காலையில நான் வண்டியைத் தெருமுனையில நிறுத்தி வச்சு, அத்தனை பேர்கிட்டயும் பேச்சு வாங்கறேன். நீ ஏறி, பின்சீட்ல போய் உக்காந்துக்கற, யாரோ மாதிரி."

"முன்சீட்ல உக்காந்தா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பெண்டாட்டின்னு சொல்லுவாங்க."

"அதையாவது யாராவது சொல்லட்டும். இதோ, இந்தக் குடை. இஸ்திரி போட்டு அடுக்கி வச்ச துணிமேல ஈரக் குடையைச் சாத்தி வச்சிருக்கீங்க. எத்தனை தடவை நான் வாயை மூடிட்டு எடுத்து ஓரமா வச்சிருக்கேன் தெரியுமா? முந்தாநாள் அது ஒழுகின தண்ணி..."

சிட்டு அப்பாவின் கையிலிருந்து ஒட்டகச்சிவிங்கியை வாங்கிக்கொண்டு போனாள். கூடத்தில் யானையைத் திருப்பினாள். மானைத் திருப்பினாள். காண்டாமிருகத்தை இரண்டு கையாலும் பிடித்து மூச்சுமுட்டத் திருப்பினாள். எல்லாம் வரிசையாக அறை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றன. வேடிக்கை பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு அடுப்பில் உருளைக்கிழங்கைப் போட்டாள்.

தொலைபேசி அடித்தது. சிட்டு எடுத்தாள். "சித்தி, உங்க அண்ணன்."

அவள் கூடத்துக்கு வந்து வாங்கினாள். முகம் சிவந்திருந்தது. தலைமுடி அவிழ்ந்திருந்தது. அறை வாசலில் டிரைவர், ஈரக் கோட்டோடு, குடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றான் அண்ணன். "என்ன முடிவு பண்ணின?"

"அந்தப் பொண்ணுக்கே குடுத்துடு அண்ணே."

"நல்லா யோசிச்சுதான் சொல்றியா? அப்புறம்..."

"குடுத்துடுன்னா குடுத்துடு. எனக்கு இப்ப பேச நேரமில்ல, இங்க வேலையா இருக்கேன்."

வைத்துவிட்டுத் திரும்பினாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

"எங்க விட்டேன்?"

"குடையில" என்றார் டிரைவர்.